வெள்ளைத் துணிக்கு முன்னால் குனிந்த மேவிஸ்

மேவிஸைப் பற்றிக் கேட்டால், தீவுக் கரையிலிருக்கும் எங்கள் ஹோபானாவில் ஆளுக்கொன்று சொல்வார்கள். புருஷனைவிட எட்டு வயது மூத்தவள் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வாயில்லாப் பூச்சி என்பார்கள். கொஞ்சம் கழன்ற கேஸ் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களை விடுங்கள், நான் சொல்கிறேன். என் பேர் ஐடா. அவள் பக்கத்து வீட்டுக்காரி. டிரம் அடுப்பில் பன் சுட்டு விற்கிறவள். என் புருஷன் மிஷன் படகில் எஞ்சின் ஓட்டுகிறான். நாங்கள் இரண்டு பேருமே வெளியூர். அதனால் இந்தக் கரையில் எனக்கு மாமனாரும் கிடையாது, மாமியாரும் கிடையாது. நினைத்ததைப் பேசலாம், நிமிர்ந்து நடக்கலாம்.

மேவிஸால் அப்படி நடக்க முடியாது. இந்தக் கரையில் மாமனார் முன்னால் மருமகள் நிமிரக் கூடாது. அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. எதிரே வந்துவிட்டால் தலையில் துணியை இழுத்துப் போட்டு, இடுப்பு ஒடியக் குனிந்து, ஒதுங்கிப் போய்விட வேண்டும். அவர் பேரையும் வாயில் எடுக்கக் கூடாது. சரி, எல்லா ஊரிலும் ஏதோ ஒரு மரியாதை இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மேவிஸின் மாமனார் வீட்டிலேயே இல்லை. அவள் வாழ்க்கைப்பட்டு வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே வீட்டைவிட்டுப் போய்விட்டார். வீட்டு மூலையில் அவர் படுத்த பாய் மட்டும் விரித்தபடி கிடந்தது. மாமியார் நவோமி அதைச் சுருட்ட விடவில்லை. மேவிஸ் அந்த மூலையைக் கடக்கும்போதெல்லாம் குனிந்து கடந்தாள். தண்ணீர்க் குடத்தோடு குனிந்தாள், வயிற்றுப் பிள்ளையோடு குனிந்தாள். நவோமி செத்த பிறகும் குனிந்தாள்.

நானே ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"ஏண்டி, வெறும் பாய்க்கு எதுக்குடி இந்தக் குனி குனியுற? முதுகு என்ன வாடகைக்கு எடுத்ததா?"

"அவர் செத்துட்டார்னு யாரும் சொல்லலையே ஐடா" என்றாள்.

"நாளைக்கு வந்து நின்னா, மருமக மரியாதை தெரியாதவள்னு நினைக்கக் கூடாது" என்று அவளே சேர்த்தாள்.

அவள் மாமனார் பேர் கெமு. நான் சொல்லலாம், எனக்கு ஒன்றும் ஒட்டாது. உலக யுத்தம் நடந்த வருஷம் அது. எதிரே ஜலசந்தியில் ராத்திரிக்கு ராத்திரி கப்பல்கள் ஒன்றையொன்று சுட்டுக்கொண்டு மூழ்கின. ஊர் சனம் முழுக்க மலைக்காட்டுக்குள் ஒளிந்திருந்தது. நவோமி பிள்ளை உண்டாகியிருந்தாள். ஒரு விடியற்காலையில் கெமு, "மீன் பிடிச்சுட்டு வந்துடறேன்" என்று தோணியை இறக்கிப் போனவர் திரும்பவில்லை. அப்புறம் யாரோ ஒருவன், துறைமுகத்துப் பக்கம் வெள்ளைக்காரப் படையாட்களோடு அவர் படகில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன் என்றான். அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டின் இறைச்சிக்கும் சிகரெட்டுக்கும் ஆசைப்பட்டு, பிள்ளைத்தாய்ச்சியை விட்டுவிட்டுக் கப்பல் ஏறி ஓடிப்போனான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

செத்தார் என்றால் ஒரு துக்கம் நடந்திருக்கும். இங்கே கண்ணால் பார்த்தவர் இல்லாத சாவு சாவே இல்லை. ஒப்பாரி கிடையாது, பந்தி கிடையாது, பாயைச் சுருட்டுவதும் கிடையாது. ஆகையால் கெமு ஊர்க் கணக்கில் உயிரோடிருந்தார். உயிரோடிருந்து ஓடிப்போனவராக இருந்தார். பிறகு பிறந்த பிள்ளைதான் ஜோதம். அவனுக்கு ஜோதம் என்ற பேரைவிட 'ஓடிப்போனவன் மகன்' என்ற பேர்தான் நிலைத்தது. கடற்கரைக் கூட்டத்தில் அவன் வாயைத் திறந்தால், "ஓடுற பரம்பரைக்கு ஊர் விஷயத்துல என்ன பேச்சு?" என்று எவனாவது ஆரம்பிப்பான். எந்தச் சண்டை எங்கே தொடங்கினாலும் அங்கே வந்துதான் முடியும். பெண் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. மேவிஸ்தான் தானாக வந்து கட்டிக்கொண்டாள். "அக்காவைக் கட்டினவன்" என்று அதற்கும் சிரித்தார்கள்.

ஏன் கட்டிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். யுத்தத்தின்போது அவளுக்குப் பல் விழுந்து முளைக்கிற வயது. கெமு அவளைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு ஆற்றைக் கடப்பாராம். காட்டு வாதுமையைக் கல்லில் உடைத்து, பருப்பை அவளுக்குக் கொடுத்துவிட்டு ஓட்டை நக்குவதாக வேஷம் போடுவாராம். இவள் அவர் பேரைக் கத்திக்கொண்டே பின்னால் ஓடுவாளாம். இதை எனக்குச் சொல்லும்போது, "நான் அவர் பேரைக் கத்திக்கிட்டு ஓடுவேன்" என்பாள். அந்தப் பேரை மட்டும் சொல்லமாட்டாள். சொல்லாமலே சிரிப்பாள். அவர் மகனைக் கட்டிக்கொண்ட நாளில் அவளுக்கு அந்தப் பேர் மூடிப்போனது.

மற்றவர்களுக்கு அவர் முகம் ஞாபகம் இருக்காதா என்று கேட்பீர்கள். யுத்தம் முடிகிற சமயத்தில் வயிற்றுப்போக்கு வந்து அந்தப் பழைய ஊரைத் துடைத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது இருக்கிற ஹோபானா பாதிக்குமேல் பின்னால் வந்து குடியேறியது. பழைய ஆட்களில் கடைசியாகச் செத்தவள் நவோமி. கெமுவைக் கண்ணால் கண்டவர்கள் என்று மிஞ்சியது இரண்டே பேர். ஒருத்தி மேவிஸ். இன்னொருவர் லேவி.

லேவி இந்த ஊர்ப் பெரிய மனுஷர். மேவிஸைவிட நாலைந்து வயது மூத்தவர். மோட்டார் வைத்த படகு, தகரக் கூரை வீடு, மாதா கோவிலில் முன் பெஞ்சு. கெட்டவர் என்று சொல்லமாட்டேன், என் குழந்தைக்கு ஜுரம் வந்தபோது ராத்திரி படகை எடுத்தவர். ஆனால் அவருக்கு ஒரு கதை உண்டு. அவர் அப்பாதான் யுத்தத்தில் கப்பல்களுக்குப் பவளப்பாறை நடுவே வழி காட்டினாராம். அப்பாவும் அந்த வயிற்றுப்போக்கிலேயே போய்விட்டார், மறுத்துப் பேச ஆளில்லை. நாற்பது வருஷமாக ஒவ்வொரு விருந்திலும் இந்தக் கதை. பன்றி வேகுமுன் கதை வெந்துவிடும்.

தலைநகர் மியூசியத்திலிருந்து ரமோய் என்கிறவன் வந்த வருஷத்தைத்தான் சொல்ல வந்தேன். மலைட்டாத் தீவுக்காரன், கறுத்து உயர்ந்த ஆள், பேச்சு மட்டும் ஆச்சரியமாக மெதுவாக வரும். ஜெனரேட்டர், படம் காட்டும் மெஷின், டப்பா டப்பாவாகப் பிலிம். யுத்தத்தில் கப்பற்படைக்காரர்கள் எடுத்து, வெளிநாட்டில் எங்கோ அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்ததைப் பிரதி எடுத்து வாங்கியிருக்கிறார்களாம். ஊர் ஊராகப் போட்டுக் காட்டி, அதில் இருக்கிற நம் ஆட்களின் பேரைக் கேட்பதுதான் அவன் வேலை.

கூட்ட வீட்டின் ஜன்னல்களில் பாயைத் தொங்கவிட்டுப் பட்டப்பகலை இருட்டாக்கினோம். படுக்கை விரிப்பு ஒன்றை வெள்ளையாகத் துவைத்துக் கட்டினோம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். வெற்றிலையும் பாக்கும் கைமாறிக்கொண்டே இருந்தது. படம் ஓடத் தொடங்கியதும் பெரிய கப்பல்கள் பீரங்கியால் நெருப்பைத் துப்பின. ஒரு கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து, அதன் மேல்தளத்திலிருந்து மனுஷர்கள் எறும்பு மாதிரி உதிர்ந்தார்கள். அதுவரை கத்திக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட அடங்கிவிட்டன.

"ஐயோ, யார் பெத்த பிள்ளைங்களோ" என்றாள் லேவியின் பெண்டாட்டி டோரீன்.

"அந்த மலையப் பாருங்க!" என்று ஒருவன் எழுந்து நின்றான். "நம்ம மலைதான்! அதே மேகத் தொப்பி!"

"உட்காருடா, உன் தலைதான் தெரியுது, மலை தெரியல."

அப்போதுதான் அந்த மனுஷன் வந்தார். ஒரு சின்ன வேகப் படகின் முனையில், இடுப்பில் மட்டும் துணியோடு நின்றுகொண்டு, கையை நீட்டி வழி காட்டினார். பின்னால் ஒரு கப்பல் மெள்ள ஊர்ந்து வந்தது. படம் எடுத்தவன் கூப்பிட்டிருப்பான் போல, சட்டென்று திரும்பி எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

என் பக்கத்தில் மேவிஸ் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று அவள் தலைத்துணியை முகத்துக்கு இழுத்தாள். அப்படியே குனிந்து, தரையோடு தரையாக, பெண்களின் காலுக்கு நடுவே நகர்ந்து வெளியே போய்விட்டாள். வயிற்றுக் கோளாறு என்று நினைத்தேன்.

ரமோய் மெஷினை நிறுத்தி விளக்கைப் போட்டான்.

"இந்தப் பெரியவர் யாருன்னு தெரியுமா? எங்ககிட்ட இருக்கிற படத்துல, 'பேர் தெரியாத ஊர்க்காரர்'னுதான் போட்டிருக்கு. தெரிஞ்சா பேரைப் போட்டுடலாம். இனிமே உலகத்துல எங்க காட்டினாலும் அந்தப் பேரோடதான் காட்டுவாங்க."

லேவி எழுந்தார். கண் கலங்கியிருந்தது, அது வேஷமில்லை.

"எங்கப்பா" என்றார். "நாற்பது வருஷமா நான் சொன்னப்ப பாதிப் பேர் சிரிச்சீங்க. இப்பப் பாத்தீங்களா?"

கூட்டம் கை தட்டியது. ஜோதமும் தட்டினான், நான் பார்த்தேன். நான் எழுந்து வெளியே போனேன். கூட்ட வீட்டின் பின்புறம், துணியை முகத்தில் போட்டபடி மேவிஸ் உட்கார்ந்திருந்தாள். 

"என்னடி ஆச்சு? வயித்து வலியா?"

"அவர் உள்ள இருக்கார் ஐடா."

"யாரு?"

"எங்க வீட்டுப் பாய்க்காரர்."

அவள் பக்கத்தில் குந்தினேன். "நிச்சயமாவா?"

"தோள்ல தூக்கி வெச்ச ஆளத் தெரியாதா? நான் பாத்துட்டேன். பாக்கக் கூடாது, பாத்துட்டேன்."

நான் சும்மா இருப்பேனா? உள்ளே போய், அத்தனை பேர் நடுவிலும் போட்டு உடைத்தேன். "லேவி அண்ணே, அது உங்கப்பா இல்ல. ஜோதமோட அப்பா, கெமு. மேவிஸ் குனிஞ்சு போனத நான் பாத்தேன். மாமனாருக்குத் தவிர வேற எவனுக்கு மருமக குனிவா?"

 லேவி சிரித்தார்.

"ஐடா, உனக்கு வாய் இருக்கு, அதுக்குக் கதவுதான் இல்ல. மேவிஸ் வெறும் பாய்க்கே குனியுறவ. நாளைக்கு ஒரு வாழைமரத்தக் காட்டினாலும் குனிவா. புருஷனுக்கு நல்ல பேர் வரணும்னு ஆசை, ஐயோ பாவம். அதுக்காக எங்கப்பாவத் தூக்கிக் குடுத்துட முடியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள்.  ஜோதமைத் திரும்பிப் பார்த்தேன். அவன் எழுந்தான். என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்.

"வேண்டாம் ஐடா. விட்டுடு. ஓடிப்போனவன் மகன்னு கேட்டுப் பழகிட்டேன். இப்ப இன்னொருத்தர் அப்பாவத் திருடினவன்னும் கேக்கணுமா?"

அவனுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆசைப்பட்டுக் கிடைக்காமல் போனால் தாங்கமாட்டான், அதுதான் பயம். நாற்பது வயது மனுஷன் அப்பன் முகம் எப்படியிருக்கும் என்று தெரியாமல் இருக்கிறான். எதிரே துணியில் ஒருத்தர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அது தன் அப்பாவா இல்லையா என்று அவனுக்கே தெரியாது. இதைவிட ஒரு கொடுமை உண்டா?

ரமோய்தான் வாயைத் திறந்தான். "இன்னொரு டப்பா இருக்கு. துறைமுகத்துல எடுத்தது. இந்த ஊர்ல நான் அத இன்னும் யாருக்கும் காட்டல. அந்த அக்காவும் வந்து உட்காரட்டும். யாரும் எதுவும் பேச வேண்டாம், சும்மா பாக்கலாம்."

"வரட்டும்" என்றார் லேவி. "வாழைமரம் வந்தா குனியட்டும்."

மேவிஸை நான் இழுத்துக்கொண்டுதான் வந்தேன். எனக்கும் டோரீனுக்கும் நடுவில் உட்கார வைத்தேன். மறுபடி பாய்களை இறக்கினார்கள்.

இந்தப் படத்தில் சண்டை இல்லை. நங்கூரம் போட்ட கப்பல்கள், துணி காயப் போட்டிருக்கிற பீரங்கிக் குழாய்கள், கடலில் குதித்துக் குளிக்கிற பையன்கள். பிறகு கடலுக்குள் நீட்டிப் போட்ட தற்காலிக மரப்பாலத்தில் எங்கள் கரை ஆட்கள் வரிசையாகக் குண்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். எல்லார் முகமும் வியர்வையும் புழுதியும். கண்ணை இடுக்கிப் பார்த்தாலும் ஒன்றும் புரியவில்லை. லேவி முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். நடுவில் எங்கேயோ அந்தச் செருமல் நின்றுபோனது. நான் கவனிக்கவில்லை, என் கண் மேவிஸ்மேல் இருந்தது. அவள் அசையவே இல்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அட, நாம்தான் அவசரப்பட்டு அவளைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டோமோ?

அப்போது மேவிஸின் கை துணிக்குப் போனது. துணி முகத்தில் விழுந்தது. அவள் நெற்றி பாயைத் தொடும் அளவுக்குக் குனிந்துவிட்டாள். வெள்ளைத் துணியில் ஒன்றுமே இல்லை. பெட்டி தூக்குகிறவர்கள், ஒரு கயிறு, தண்ணீர்.

"என்னத்துக்கு இப்ப?" என்று யாரோ கிசுகிசுத்தான்.

"அங்க!" என்றான் ரமோய். "பாலத்துக் கடைசில!"

பாலத்தின் கடைக்கோடியில் முதுகைக் காட்டி ஒருத்தர் உட்கார்ந்து காலை நீரில் ஆட்டிக்கொண்டிருந்தார். ஒரு சுண்டுவிரல் அளவுதான் தெரிந்தார். எழுந்தார். படம் எடுத்தவன் அருகில் போகப்போக அவர் பெரிதானார், திரும்பினார். அதே ஆள். அதே சிரிப்பு. படகின் முனையில் நின்றவர்தான். யாரும் கண்டுகொள்வதற்கு முன்னால், முதுகை மட்டும் பார்த்து, மேவிஸ் குனிந்துவிட்டிருந்தாள். அவர் பாலத்திலிருந்து அந்த வேகப் படகுக்குள் குதித்தார். படகின் மூக்கில் எழுதியிருந்த எண் பளிச்சென்று தெரிந்தது. படகு துறைமுகத்தைவிட்டு வெளியே போயிற்று.

விளக்கு வந்தது. எல்லோரும் லேவியைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டோரீன், "என்னங்க?" என்றாள்.

"பெட்டி தூக்கின வரிசைல," என்றார், "மூணாவதா போனாரே, அவர்தான் எங்கப்பா. இடது காது பாதி இருக்காது. பன்னி கடிச்சது. நான் எப்படி மறந்தேன்? படகுல நின்னவருக்கு ரெண்டு காதும் முழுசா இருக்கு. கதைய சொல்லிச் சொல்லி எங்கப்பாவுக்கு நானே காத ஒட்ட வெச்சுட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் நாக்கு நுனிவரை ஒன்று வந்தது, விழுங்கிவிட்டேன். பெட்டி தூக்குவதும் லேசா என்ன? வெடித்தால் வழித்தெடுக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது.

ஜோதம் ரமோயிடம் போனான். அவன் கேட்டது ஒரே கேள்விதான். "அந்தப் படகு எங்க போச்சு?"

ரமோய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, அந்த எண் உள்ள படகப் பத்தி எங்களுக்கு நல்லாத் தெரியும். இந்தப் படம் எடுத்த அன்னிக்குச் சாயந்திரமே ஜலசந்திக்குள்ள போச்சு. பெரிய கப்பலோட குண்டு பட்டு எரிஞ்சு மூழ்கிடுச்சு. எரிஞ்சத இன்னொரு படகுல இருந்தவங்க கண்ணால பாத்திருக்காங்க. ஒருத்தரும் மிஞ்சல. செத்த படையாளுங்க பேரெல்லாம் இருக்கு. வழி காட்டப் போனவர் பேர்தான் யாருக்கும் தெரியல."

ஜோதம் தலையை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே இருந்தான். "அப்ப ஓடிப்போகல" என்றான். "அம்மாகிட்ட மீன் பிடிக்கப் போறேன்னு சொன்னது பயப்படுத்தக் கூடாதுன்னுதான். ஓடிப்போகல."

அப்படியே மடங்கி உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

இப்போது ஒரு சிக்கல் வந்தது. கண்ணால் பார்த்தவர்கள் கிடைத்துவிட்டார்கள், ஆகவே சாவு சாவாகிவிட்டது. சாவு என்றால் துக்கம் நடத்த வேண்டும். துக்கத்தைத் திறப்பது ஊரின் பழைய குடியில் மூத்த ஆண். எங்கள் ஊரில் அது லேவி. செத்தவர் பேரையும், எப்படிச் செத்தார் என்பதையும் அவர் வாயால் சொன்னால்தான் மற்றவர்கள் அழலாம். அவர் சொல்லாவிட்டால் கெமு அப்படியே உயிரோடு ஓடிப்போனவராகவே நிற்க வேண்டியதுதான். ஒருவரும் அவரை வற்புறுத்த முடியாது. சொன்னால் நாற்பது வருஷக் கதையைத் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்த மாதிரி.

லேவி வாசலுக்குப் போனார். படியிறங்கித் தன் வீட்டுப் பக்கம் திரும்பினார். போய்விடப்போகிறார் என்றே நினைத்தேன். டோரீன், "போகாதீங்க" என்று சத்தமாகச் சொன்னாள். புருஷனைப் பார்த்து அவள் ஊர் நடுவில் குரல் உயர்த்தி அன்றைக்குத்தான் கேட்டேன். அவர் நின்றார். தொப்பியைக் கழற்றினார். கடலைப் பார்த்துத் திரும்பினார்.

"கெமு செத்தான்!" என்று கத்தினார். "ஹோபானாக்காரன் கெமு, கப்பலுக்கு வழி காட்டப் போய்க் கடல்ல செத்தான். நவோமி புருஷன். ஜோதமோட அப்பன். அவன் ஓடிப்போகல. ஓடிப்போனான்னு சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன்."

பெண்கள் பக்கத்திலிருந்து அழுகை கிளம்பியது. மேவிஸைத் தவிர ஒருத்தியும் கெமுவைக் கண்ணால் கண்டவளே இல்லை. அழுகைக்கு அதெல்லாம் தெரியுமா?

ஒப்பாரி தொடங்கிய பிறகு மருமகளுக்கு ஒரு சலுகை உண்டு. குழியை மூடுவதற்கு முன்னால் அவளைக் கூப்பிடுவார்கள். துணியை விலக்கி மாமனார் முகத்தை ஒரு தடவை பார்க்கலாம், ஒரு தடவை பேர் சொல்லி அழலாம். அதற்காகத்தான் இத்தனை வருஷம் குனிந்தாய், போ, பார் என்பது போல. இங்கே குழியும் இல்லை, உடம்பும் இல்லை. ஜோதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரமோயிடம், "அந்தத் திரும்பிச் சிரிக்கிற இடத்த இன்னொரு தரம் போட முடியுமா? அப்படியே நிறுத்தி வைக்க முடியுமா?" என்று கேட்டான்.

"நிறுத்தினா சூட்டுல பிலிம் கருகிடும் அண்ணே. எத்தன தரம் வேணும்னாலும் திருப்பித் திருப்பி ஓட்டுறேன்."

பாய்களை மூன்றாம் தடவை இறக்கினார்கள். ஜோதம் மேவிஸின் கையைப் பிடித்து எழுப்பினான். "வா. பாரு. எனக்கு அவரத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். நீ பாத்துச் சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்."

அவள் அவன் கையைப் பிடித்தபடி வெள்ளைத் துணிக்கு முன்னால் போனாள். நிமிர்ந்து நடக்கத் தெரியாமல் பாதி குனிந்துதான் போனாள். படகு வந்தது. முனையில் நின்றவர் திரும்பினார். மேவிஸ் துணியை விலக்கினாள்.

பார்த்தாள்.  படம் முடிந்து மறுபடி தொடங்கியது, மறுபடி திரும்பிச் சிரித்தார்.

"கெமு" என்றாள்.

ஒப்பாரி வரும் என்று நாங்கள் காத்திருந்தோம். அவள் ஜோதமைத் திரும்பிப் பார்த்தாள். அவன் காதோரம் நரைத்த மயிரைப் பார்த்தாள். திரும்பவும் துணியைப் பார்த்தாள்.

"ஜோதம், என்னடா இது," என்றாள், "சின்னப் பையனா இருக்காரே."

நாங்களும் அப்போதுதான் பார்த்தோம். அப்பா, மாமனார், பெரியவர், ஓடிப்போனவன் என்றே இத்தனை நாள் பேசியிருந்தோம். துணியில் நின்றது இருபது இருபத்தோரு வயதுப் பிள்ளை. மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை.

"நம்ம எரிக் வயசுதான் இருக்கும்" என்றான் ஜோதம். எரிக் அவர்களுடைய மூத்த மகன். ஆண்கள் பக்கத்தில் வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்தான்.

மேவிஸ் தரையில் உட்கார்ந்தாள். தலையிலிருந்த துணி நழுவி விழுந்தது, அவள் எடுத்துப் போடவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். மாமனாருக்கு மருமகள் அழுகிற ஒப்பாரி ஒன்று உண்டு, இந்தக் கரையில் எல்லாப் பெண்களுக்கும் அது பாடம். அவள் அதை அழவில்லை.

"மகனே" என்று அழுதாள். "என் மகனே, யாருகிட்டயும் சொல்லாமப் போனியே, தனியாப் போனியேடா, மகனே."

முறை தப்பிய ஒப்பாரியை நடுவில் நிறுத்தித் திருத்துவது மூத்தவர்களின் வேலை. லேவி அங்கேதான் நின்றார், டோரீனும் நின்றாள். யாரும் திருத்தவில்லை.